தட்டைத் தட்டினாலும் அசையாத குட்டி

தூத்துக்குடியில் ரயிலை விட்டு இறங்கிப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றுவதற்குள் எனக்கு முதல் கோபம் வந்துவிட்டது. ஆட்டோக்காரர் மேல் இல்லை. பாவம், அவர் நியாயமாகத்தான் கேட்டார். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கல்யாண பேனர் நின்றது. மாப்பிள்ளை, பெண், சுற்றிலும் கும்பிட்டபடி சொந்தக்காரர்கள், எல்லோருக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளை நாய். மூக்கு ரோஜா நிறம். மணப்பெண்ணைவிட நாய்க்குத்தான் நல்ல வெளிச்சம் போட்டுப் படம் எடுத்திருந்தார்கள்.

அந்த மாதிரி ஒரு ராஜபாளையம் குட்டியைப் பார்த்துச் சொல்லிவைக்கத்தான் நான் பினாங்கிலிருந்து வந்திருந்தேன். சொந்த ஊர் சாத்தான்குளம். கல்யாணமாகிக் கடல் தாண்டி இருபத்து நான்கு வருடம் ஆகிறது. பினாங்கில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். விடுமுறைக்குச் சித்தி மகள் ஜாஸ்மினைப் பார்க்கப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் ஒரு வேலையைத் தலையில் கட்டினார். "போறதுதான் போறே, சுத்த வெள்ளையா ஒரு ராஜபாளையம் பாத்து வை. பாக்கறவன் மிரளணும்." எங்களுடையது வரிசை வீடு. முன்னால் ஒரு கார் நிற்கும். கார் நின்றால் செருப்பு விட இடம் இருக்காது. அங்கே ஒரு வேட்டை நாய் எங்கே ஓடும் என்று கேட்டேன். பதிலுக்கு இன்னொரு நாய் படம்தான் அனுப்பினார்.

ஜாஸ்மினும் ஆசிரியைதான், தூத்துக்குடியில். எதற்கும் பதறாதவள். அன்று சாயங்காலமே என்னைப் பொரித்த பரோட்டா தின்னக் கூட்டிப் போனாள். பினாங்கில் ரொட்டி சானாய் மெத்தென்று இருக்கும், பருப்பில் தோய்த்துத் தின்போம். இங்கே எண்ணெயில் முறுகப் பொரித்து, இலையில் நொறுக்கிப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றுகிறார்கள். மூன்றாவதைத் தின்று முடித்த பிறகுதான் என் வயது ஞாபகம் வந்தது.

ஜாஸ்மின் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாள். "அண்ணாச்சி, கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு நம்ம பக்கத்துல எத்தனை வேட்டை நாய் இருக்கு. ஏன் எல்லாரும் ராஜபாளையத்துக்கே அலையுதாங்க?"

"அது ஜமீன்ல வளந்த நாய்லா," என்றார் அவர். "மத்ததெல்லாம் ஆட்டுக்குப் பின்னால திரிஞ்சது."

பக்கத்து மேசையில் துறைமுகத்துச் சட்டையோடு உட்கார்ந்திருந்த இளைஞன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அதெல்லாம் இல்லக்கா. போன்ல கருப்பு நாய் விழாது. வெள்ளைதான் பளிச்சுனு விழும்."

கல்லுக்கு முன்னால் நின்ற பரோட்டா மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார். "எல்லாம் நெறந்தாம்மா. பொண்ணு பாக்கப் போனாலும் அதுதான, நாய் பாக்கப் போனாலும் அதுதான."

கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை நாசரேத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். என் படிப்பு பிடித்ததாம், பாட்டு பிடித்ததாம், குடும்பம் பிடித்ததாம். நிறத்தை மட்டும் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதி, கடைசியில் எங்களுக்காக ஜெபிப்பதாகவும் கடிதத்தை முடித்திருந்தார்கள். அந்த ஜெபத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் ஜாஸ்மினோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி கீழவைப்பாரில் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். ஸ்கூட்டரில் போனோம். இரண்டு பக்கமும் உப்பளம், வெயிலில் கண் கூசியது. நானாக இருந்தால் பஸ்ஸில் போயிருப்பேன். பஸ் எப்போது வரும் என்று கேட்டதற்கு ஜாஸ்மின், "வரும்போது வரும்" என்றாள். பினாங்கில் பஸ் நான்கு நிமிடம் தாமதித்தால் புகார் எழுதுகிறவள் நான். ஸ்கூட்டர் தாமதிக்கவில்லை, ஊருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே பின்சக்கரம் பஞ்சராகி உட்கார்ந்துவிட்டது.

உருட்டிக்கொண்டு நடந்தபோது உடைமரங்களுக்கு நடுவில் ஓர் ஆட்டுக்கிடை தெரிந்தது. வேலியை நாங்கள் நெருங்குவதற்கு வெகு முன்பே ஒரு நாய் எழுந்து நின்றது. உடம்பெல்லாம் கருப்பு, காலிலும் புருவத்திலும் மட்டும் செம்மண் நிறம், வயிறு ஒட்டி, கால்கள் நீண்டு. குரைக்கவில்லை. காது இரண்டும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. கிடைக்குச் சொந்தக்காரர் முத்தையா, அறுபதை ஒட்டிய மெலிந்த மனிதர், வெளியே வந்தார். "பஞ்சரா? நீங்க பாலம் தாண்டும்போதே இவ எந்திரிச்சிட்டா. வண்டிச் சத்தம் சரியில்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

அதுதான் கன்னி. உள்ளே சணல் சாக்கில் ஐந்து குட்டிகள் கிடந்தன. ஒன்றைத் தூக்கினேன். அழகென்றால் அப்படி ஓர் அழகு. முத்தையா என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்த ஊர், வீட்டுக்கு முன்னால் எவ்வளவு இடம், யார் சோறு வைப்பார்கள், பகலில் வீட்டில் ஆள் இருக்குமா, கட்டிப் போடுவீர்களா. நான் குட்டி கேட்கவே இல்லை. ஆனாலும் பரீட்சைக்கு உட்கார்ந்தவளைப் போலப் பதில் சொன்னேன். கார் நின்றால் இடம் இருக்காது என்றதும் அவர் என் கையிலிருந்து குட்டியை மெதுவாக வாங்கி மறுபடி சாக்கில் விட்டார்.

"விக்க மாட்டியளா?" என்று ஜாஸ்மின் கேட்டாள்.

"விக்கதில்லம்மா. பொண்ணு குடுத்த வீட்டுக்குக் குடுப்போம். பொண்ணோட ஒரு குட்டி போவும். சரியாப் பாக்கலைன்னா திரும்பக் கூட்டிட்டு வந்துருவோம்."

"பொண்ணையா?"

"நாயை." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "என் மூத்தவ வீட்டுல அப்படித்தான், நாய் மெலிஞ்சு போச்சு. போயிக் கூட்டியாந்துட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நாய் மெலிஞ்ச வீட்டுல மகள மட்டும் விட்டுட்டு வந்தீங்களா?"

"அவளுக்கு வாய் இருக்கு, சொல்லுவா. நாய் சொல்லுமா?"

அதற்குமேல் அவரோடு நான் பேசவில்லை. பஞ்சர் ஒட்ட ஆளை வரவழைத்ததும் அவர்தான், மோர் கொடுத்ததும் அவர்தான், அது வேறு விஷயம். ஆனால் பரோட்டாக் கடையில் கிடைக்காத பதில் அங்கே கிடைத்தது. கன்னிக்கு யாரும் பேனர் வைக்காததற்கு நிறம் ஒரு காரணம் என்றால், கேட்டவனுக்கெல்லாம் அது கிடைக்காது என்பது இன்னொன்று. கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற நாய்தான் ஊர் முழுக்கப் பரவும். நல்ல நாயா என்பதை யார் கேட்கிறார்கள்? கீழவைப்பாரில் எங்களுக்காக வைத்திருந்த ஊளி மீன் குழம்பு அதற்குள் இரண்டு முறை சூடு பண்ணப்பட்டு, முன்னைவிட ருசியாகியிருந்தது.

மூன்றாம் நாள் ஏரலுக்குப் போனோம். இந்த முறை பஸ். வழியெல்லாம் வாழை, ஆற்றங்கரைப் பச்சை, முந்தின நாள் பார்த்த பொட்டல் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறதா என்று தோன்றியது. ஏரலைத் தாண்டி ஒரு தோப்பில் தங்கபாண்டி என்பவர் ராஜபாளையம் குட்டிகள் வளர்த்து விற்கிறார். நன்றாகப் பேசுவார். நாங்கள் உட்காருவதற்குள் ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். கூண்டுகள் சுத்தம், தாய் நாய்க்குத் தனி இடம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு குட்டிகள், ஆறும் பால் வெள்ளை.

"எப்படி ஆறும் வெள்ளையாவே பிறந்துச்சு?" என்றேன்.

"பொறந்தது ஒம்பது," என்றார் தங்கபாண்டி. மற்ற மூன்றைப் பற்றி நான் கேட்டேன். உடம்பில் புள்ளி இருந்ததாம், அன்றைக்கே கழித்துவிட்டாராம். எங்கே என்று கேட்டதற்கு ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "புள்ளி விழுந்தத யாரு டீச்சர் வாங்குவா? நானா வேண்டாங்கேன்? சனம் வேண்டாங்குது." மீதி இளநீரைக் கீழே வைத்தேன். எழுந்து போயிருப்பேன். ஜாஸ்மின் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, தன்னுடைய பெருமையான குட்டியைக் காட்டக் கூட்டிப் போனார். மற்ற ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளையாட, அது மட்டும் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. தங்கபாண்டி சோறு வைக்கும் எவர்சில்வர் தட்டை எடுத்து அதன் தலைமாட்டில் ஓங்கித் தட்டினார். ஐந்து குட்டிகளும் சிதறி ஓடின. இது கண்ணைத் திறக்கவே இல்லை.

"பாத்தியளா? தீவாளி வெடிக்குக்கூட அசையாத ரகம். என்ன தைரியம் பாருங்க. ஹார்பர் ரோட்டுல லாரி செட் வச்சிருக்க அண்ணாச்சி ஒருத்தரு இதத்தான் சொல்லி வச்சிருக்காரு. ராவும் பகலும் ஹார்ன் அடிக்கிற எடம், பயப்படாத குட்டியா வேணும்னாரு. நாளைக்குப் போவுது."

நான் குட்டியின் அருகில் போனேன். இருபது வருடம் காது கேளாத பிள்ளைகளோடு இருந்தவளுக்கு இதைக் கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தரையை உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். குட்டி உடனே விழித்தது. பின்னால் போய்க் கை தட்டினேன், விசில் அடித்தேன், தட்டைத் தட்டினேன். திரும்பவில்லை. கையை முன்னால் ஆட்டியதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. ஒரு குட்டியின் காதைக் கடித்தது. அது வீலென்று கத்தியும் விடவில்லை, கத்துவது இதற்குத் தெரிந்தால்தானே விடும்.

"இது தைரியம் இல்ல. இதுக்குக் காது கேக்கல," என்றேன். வெள்ளைக்கும் வெள்ளைக்குமே இணை சேர்த்து, புள்ளி விழுந்ததையெல்லாம் கழித்துக்கொண்டே வந்தால் சில குட்டிகள் இப்படிப் பிறக்கும் என்பதையும் சொன்னேன். எல்லா வெள்ளை நாயும் செவிடு இல்லை, இது செவிடு. லாரி நிற்கும் இடத்துக்கு இதை அனுப்பினால் ஒரு வாரம் தாங்காது.

தங்கபாண்டி கோபப்படவில்லை. யோசிப்பதுபோல நின்றார். குட்டிக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, செய்ததையெல்லாம் மறுபடி செய்து, ஜாஸ்மினைப் போனில் வீடியோ படம் பிடிக்க வைத்தேன். குட்டிக்குப் பின்னால் என் கை தட்டுகிறது, விரல் சொடுக்குகிறது, தட்டைக் கரண்டியால் அடிக்கிறது. குட்டி அசையாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. "எனக்கும் அனுப்புங்க டீச்சர்," என்றார் அவர். "மாட்டு டாக்டர்ட்ட காட்டுதேன். அண்ணாச்சிக்கும் அனுப்பி விஷயத்தச் சொல்லுதேன்." மனிதன் நல்லவன், தெரியாமல்தான் செய்கிறான் என்று நினைத்துச் சந்தோஷமாக அனுப்பினேன். பஸ்ஸில் திரும்பும்போது ஜாஸ்மினிடம் அவரைப் புகழ்ந்துகூடப் பேசினேன்.

நான்காம் நாள் காலையில் முந்திரி மக்ரூன் வாங்கக் கடை வரிசையில் நின்றிருந்தேன். பொட்டலம் கட்டுகிற பெண் போனில் எதையோ பார்த்துச் சிரித்து, என்னிடமும் காட்டினாள். நாங்கள் எடுத்த அதே படம். நான் பேசியதை எடுத்துவிட்டு மேளமும் உறுமியும் போட்டிருந்தார்கள். கை தட்டும்போது ஒரு இடி முழக்கம், தட்டை அடிக்கும்போது இன்னொன்று, அசையாமல் உட்கார்ந்திருக்கும் குட்டியைச் சுற்றித் தீ எரிந்தது. கீழே எழுத்து ஓடியது: 'எதற்கும் அஞ்சாத சிங்கம். ஒரிஜினல் ராஜபாளையம்.' அதன் கீழே தங்கபாண்டியின் தோப்புக்கு வழி.

"எங்க மாமா இந்த மாதிரியே ஒண்ணு வேணும்னு சொல்லியிருக்காரு," என்றாள் அந்தப் பெண்.

மக்ரூனை வாங்கவில்லை. தங்கபாண்டிக்குப் போன் போட்டேன். "டீச்சர், உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்," என்று ஆரம்பித்தார். விடிந்ததிலிருந்து போன் ஓயவில்லையாம், அடுத்த ஈத்துக்கும் இப்போதே சொல்லிவைக்கிறார்களாம். டாக்டர்? பார்க்க நேரமில்லை. அண்ணாச்சி? படத்தைப் பார்த்துவிட்டுப் பொறுக்க முடியாமல் ராத்திரியே ஆள் அனுப்பிக் குட்டியைக் கொண்டுபோய்விட்டாராம். குட்டிக்குக் காது கேட்காததை அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "படத்த அப்படியே அனுப்பிட்டேனே டீச்சர், அதுல எல்லாந்தான் இருக்கே," என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன். நான் பிரசங்கியார் வீட்டுப் பெண், அதை இங்கே எழுத முடியாது.

ஜாஸ்மின் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். ஹார்பர் ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். கன்டெய்னர் வண்டி, உப்பு லாரி, நிலக்கரி டிப்பர் எல்லாம் ஒரே வரிசையில் முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் எங்கள் ஸ்கூட்டர். லாரி செட்டைக் கண்டுபிடிக்க நான்கு இடத்தில் கேட்டோம். நான்காவது இடத்தில், "அந்தச் சிங்கக்குட்டி வந்திருக்கே, அந்த செட்டா?" என்று வழி சொன்னார்கள்.

உள்ளே நுழைந்தபோது ஒரு டிப்பர் பின்னால் வந்துகொண்டிருந்தது. பீப் பீப் என்று சத்தம், கிளீனர் மறுபக்கத்தில் நின்று வண்டியில் தட்டித் தட்டி "வா வா" என்கிற சத்தம். டயர் போகும் வழியில், இன்னொரு வண்டி போட்டிருந்த நிழலில், அந்த வெள்ளைக் குட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "எந்திரிக்காது பாரேன், வண்டியே நின்னுரும்," என்று ஒருவர் பந்தயம் கட்டினார்.

டிரைவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. வண்டிக்குப் பின்னால் பாய்ந்து குட்டியைத் தூக்கினேன். டயர் என் சேலைத் தலைப்பில் ஏறி நின்றது. கிளீனர் கத்திய கத்தில் டிரைவர் இறங்கி ஓடி வந்தார். என்னைத் திட்டினார். நான் அவரைவிடச் சத்தமாகத் திட்டினேன். என் வாழ்நாளில் முதல் முறையாக ஏலே என்று ஒரு ஆண்பிள்ளையை நடுத்தெருவில் வைத்துக் கூப்பிட்டேன். படம் பிடித்தவர் போனைப் பைக்குள் போட்டார்.

செட்டுக்குச் சொந்தக்கார அண்ணாச்சி ஆபீஸ் அறையிலிருந்து வந்தார். கனத்த உடம்பு, நெற்றியில் நாமம், பதறாத பேச்சு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "படத்துல தைரியமா இருந்துச்சே," என்றார். நான் குட்டியைத் தரையில் விட்டு, அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அங்கே நின்ற ஒரு லாரியில் அவரே ஏறி ஏர்ஹார்னை அமுக்கினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன், ஜாஸ்மின் பொத்திக்கொண்டாள், தெருவில் போனவன் நின்றான். குட்டி சுவரில் ஊர்ந்த எறும்பை மோந்துகொண்டிருந்தது.

அண்ணாச்சி இறங்கி வந்தார். முகம் மாறியிருந்தது. நாமம் வைத்த நல்ல மனுஷர், உயிர் போக இருந்ததே என்று பதறுவார் என எதிர்பார்த்தேன்.

"செவிடா? ஏமாத்திட்டானே," என்றார். "இத வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? நீங்களே கொண்டு போங்கம்மா. நான் வேற ஒண்ணு பாத்துக்கிடுதேன்."

"வேற எது? கன்னியா, கோம்பையா?"

"சேச்சே. வெள்ளைதான். செட்டுக்கு அதுதான எடுப்பா இருக்கும்."

 தலைப்பில் டயர்க் கரி படிந்த சேலையோடு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன். ஜாஸ்மின் வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என்ன சைகை காட்டினா கிட்ட வரும்? நம்ம வீட்டுலதான இருக்கப் போவுது, இப்பவே சொல்லித் தாங்கக்கா." சிக்னலில் நின்றபோது சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் செய்து பார்த்தாள். குட்டி அவள் கையையே பார்த்தது.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். பினாங்கிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு படம் அனுப்பியிருந்தார். மேளம், உறுமி, தீ. குட்டிக்குப் பின்னால் ஒரு கை தட்டுகிறது, விரல் சொடுக்குகிறது. கீழே எழுதியிருந்தார்: "இந்த மாதிரிதான் வேணும். எவ்வளவு தைரியம் பார். யாரோ பக்கத்துல நின்னு தொல்லை பண்றாங்க, திரும்பிக்கூடப் பார்க்கல."

இருபத்து நான்கு வருடமாக அவருக்குக் காப்பி கொடுத்த கை அது.